அடிமறிமாற்று

இன்டெலில் ஒரு கோடி முறை ஓடியது.
ஒருமுறையும் தவறவில்லை.
சரியாக எழுதிவிட்டேன் என்று
நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஃபர்ஹீன், எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய
சின்ன ஆர்ம் பலகையை
என் மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.
நாலு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சமாவது சுற்றில்
பூஜ்யம்.

கொடி ஏறியிருக்கிறது.
கொடிக்குக் கீழே சரக்கு இல்லை.

எழுதியது இரண்டே வரி.
மதிப்பை வை. பிறகு கொடியை ஏற்று.
அந்தப் பக்கத்து இழை
கொடியைப் பார்த்த பிறகுதான் மதிப்பை எடுக்கிறது.
பூஜ்யம் எந்தச் சந்தில் நுழைந்தது?
அச்சுக் கட்டளை ஒன்றைச் செருகிப் பார்த்தேன்.
பிழை ஒளிந்துகொண்டது.
எடுத்தேன். வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, தலை நிறைய ஷாம்பு.
அபார்ட்மென்ட் குழுவில் லோகப்பாவின் செய்தி:
“நீரு பந்த்து.”
குழாயைத் திருகினேன்.
புஸ்ஸென்று காற்று,
பின்னாலேயே துருப்பிடித்த ஒரு சொட்டு.

டேங்கர் கேட்டுக்குள் திரும்பியதுமே அனுப்பியிருக்கிறார்.
கீழ்த்தொட்டி நிறைந்து, மோட்டார் போட்டு,
மொட்டைமாடிக்கு ஏறி இறங்க
இன்னும் முக்கால் மணி ஆகும்.
லோகப்பா பொய் சொல்லவில்லை.
நானும் தப்பாகப் படிக்கவில்லை.
செய்தி வந்த வழி வேறு,
தண்ணீர் வரும் வழி வேறு.

பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பொருள்கோள்
கண் எரிய எரிய நினைவுக்கு வந்தது.
ஆற்றுநீர்:
சொல் இறங்கும் வரிசையிலேயே பொருளும் இறங்கும்.
இன்டெல் ஏறக்குறைய அந்த ரகம்.
அடிமறிமாற்று:
எந்த அடியை எங்கே தூக்கி வைத்தாலும்
பொருள் கெடாது.
ஆர்ம் என் இரண்டு வரியையும் அப்படித்தான் படித்திருக்கிறது.
மதிப்பு ஒரு முகவரியில், கொடி ஒரு முகவரியில்,
ஒன்றையொன்று தொடவில்லை,
எது முந்தினால் என்ன?
தனியாக இருக்கும்வரை அதுவும் நியாயம்தான்.
இன்னொருவர் எட்டிப் பார்க்கும்போதுதான்
வரிசை என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

அன்று இரவு மஹாதேவபுராவில் கோப்புகளைப் பிரித்தோம்.
மேலே ஒரே பெயர்: வெளியிடு.
கீழே ஆளுக்கொரு கோப்பு.
ஆர்முக்குத் தனியாக ஒரு ஸ்டோர் கட்டளை.
பவருக்குக் கொடியின் முன்னால் இலேசான ஒரு தடை.
ரிஸ்க்-ஃபைவுக்கு வேலி; எதை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று
எழுத்தெண்ணிச் சொல்ல வேண்டும் அதற்கு.
பத்தரைக்கு அலுத்துப்போய்க் கேட்டேன்,
எல்லா இடத்திலும் முழுத் தடையே போட்டுவிட்டால் என்ன?
“சில்க் போர்டுல எல்லா சிக்னலையும் சிவப்பாக்கிடு,
ஆக்ஸிடென்ட்டே நடக்காது” என்றாள் ஃபர்ஹீன்.

இன்டெலுக்குக் கம்பைலரை ஓர் அதட்டல்.
மற்றபடி வெறும் கோப்பு.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்
இருப்பதிலேயே நீளமான குறிப்பு எழுதினேன்.
எதற்கு இது என்று நாளைக்கு ஒருவர்
துடைத்துவிடக் கூடாதே.

ஆர்ம் பலகை இப்போது ஒன்பது கோடியைத் தாண்டி ஓடுகிறது.
பூஜ்யம் வரவில்லை.
இனிமேல் வராது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோகப்பாவைப் பிடித்தேன்.
குழாயில தண்ணி வந்தப்புறம் செய்தி போடுங்க.
தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.
“யாவ பிளாக் குழாய் மேடம்?
ஏ பிளாக்குக்கு மொதல்ல வரும்,
பி பிளாக்குக்கு லேட்டாகும்.”

அதை அப்படியே
பவர் கோப்பின் தலையில் எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் பதில் எழுதவில்லை.